அறுபது தப்படி நகர்ந்த காலநிலை

பூமி நடுங்கிப் பதினேழாம் நாள்தான் நிறுவனம் அந்த நடுக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதுவரைக்கும், துறைமுகத் தெருவில் இடிந்து கிடந்த வீடுகள் தாமாகவே உட்கார்ந்துவிட்டன என்றும், தெருவுக்குள் வந்துபோன கடல் ஒரு வதந்தி என்றும் கோப்பில் இருந்தது. பதினேழாம் நாள் எல்லோரும் எழுந்து நின்று, நிறுவனத்தின் நோக்கங்கள் பதினொன்றையும் ஒரே குரலில் வாசித்து, உட்கார்ந்து, பிஸ்கட் தின்று, கைதூக்கி வாக்களித்தார்கள். நான்கு பேர் எதிர்த்தார்கள். இருந்தாலும் பூமி நடுங்கியது என்று முடிவானது.

நிலம், கடல், வானம் ஆகியவற்றின் ஒட்டுமொத்த நடத்தைக்கான உயர் ஆய்வு நிறுவனம் என்பது அதன் முழுப்பெயர். அது இருந்ததோ கடலிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய ஊரில். அங்கே வேலை பார்த்த இருநூறு பேரில் கடலைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் சுவரில் மாட்டிய படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

கடற்கரையில் நிறுவனத்துக்கு இருந்த ஒரே ஆள் பாதரசம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். துறைமுகத்துப் புல்தரையில் நான்கு கால்மேல் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். காற்றுப் புகுந்து வர நாலாபக்கமும் இடைவெளிவிட்ட பலகைகள், உள்ளே ஒரு வெப்பமானி. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, மூன்று வேளையும் கதவைத் திறந்து, குனிந்து, பாதரசம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தாளில் எழுதி அனுப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை. பதவியின் பெயர் 'வாசகர்'. கதவின் கைப்பிடியைத் தவிர பெட்டியில் வேறு எதையும் வாசகர் தொடக்கூடாது என்பது நாலாம் விதி. தொடுவதற்கென்று தனியாக ஒரு 'நிலைநிறுத்துநர்' பதவி உண்டு. அது பதினோரு வருடமாகக் காலி.

நடுக்கம் வந்த அன்று, கடல் பின்வாங்கியதைப் பார்த்துத் தெருவே பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடியது. அடித்துப் பிடித்து ஓடியதால் உயிர்கள் தப்பின. மேட்டில் நின்றபடியே வீடுகள் போவதைப் பார்த்தார்கள். அலை ஒரு படகைக் கொண்டுபோய்த் தபால் ஆபீஸ் வாசலில் வைத்தது, தபால் பெட்டியைக் கொண்டுபோய்க் கடலில் வைத்தது. வெள்ளைப் பெட்டியை மட்டும் என்ன நினைத்ததோ, அலுங்காமல் குலுங்காமல் தூக்கிக்கொண்டு போய், அறுபது தப்படி தள்ளி, ரொட்டிக்கடையின் பின்சுவரை ஒட்டி, நான்கு காலும் தரையில் பதிய இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியது. வெப்பமானியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சுவருக்கு உட்பக்கம்தான் ரொட்டி அடுப்பு.

பாதரசத்தின் அக்கா வீடு அதே தெருவில் மூன்றாவது வீடு. சுவர் நின்றது, கூரை போய்விட்டது. அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பெண்கள், கல்யாணமே வேண்டாமென்று அக்காவோடு ஒட்டிக்கொண்ட பாதரசம், ஐந்து பேரும் பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பில் படுத்து எழுந்தார்கள். மழைக்காலத்துக்கு மூன்று மாதம் இருந்தது. கூரை போடுவதற்கு நகராட்சியின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டுக் கொடுப்பதற்கு, 'இவ்விடத்தின் காலநிலை மாறவில்லை, மனிதர் குடியிருக்கலாம்' என்று நிறுவனத்தின் கடிதம் வேண்டும்.

"உன் ஆபீஸ்தானேடா, ஒரு வார்த்தை சொல்லி வாங்கிடு" என்றாள் அக்கா.

"அதுக்கென்னக்கா, ஒரு வாரத்துல வந்துடும்" என்றார் பாதரசம். தான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் ரொட்டிக்கடை திறந்தது. தெருவே பசியோடு கிடக்கிறது என்று ரொட்டிக்காரர் விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பை மூட்டினார். ஆறு மணிக்குப் பெட்டிக் கதவைத் திறந்த பாதரசம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொரு டிகிரி. பகல் பன்னிரண்டுக்கு அடுப்பு ஆறிய பிறகு முப்பத்திரண்டு. மாலையில் இருபத்தொன்பது. பார்த்ததை எழுதுவதுதான் வாசகர் வேலை, எழுதினார். எழுதிவிட்டு, மனசு கேட்காமல், குறிப்புக் கட்டத்தில் 'பெட்டி இப்போது ரொட்டி அடுப்புச் சுவரோரம் நிற்கிறது' என்றும் சேர்த்தார். அந்தக் கட்டத்தில் தெளிவு, மேகம், மழை, மூடுபனி, இடி, புழுதி, ஒன்றுமில்லை என்ற ஏழில் ஒன்றைத்தான் எழுதலாம். தலைமையகத்தில் தாளைப் பிரித்தவர் ரொட்டி அந்த ஏழில் இல்லாததைக் கண்டு, அதை அடித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திருத்தி மேலே அனுப்பினார்.

மேலே ஏழாம் அறை. அந்த அறையின் அதிகாரி முப்பது வருடமாக ஒரு கண்டுபிடிப்புக்காகக் காத்திருந்தவர். பகலைவிட விடியல் சூடாக இருப்பதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சூரியன் இல்லாத வேளையில் சூடு என்றால் சூடு மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வருகிறது. கீழே என்ன இருக்கிறது? பூமி. அதற்கு என்ன ஆயிற்று? நடுங்கியது என்று அதற்குள் முடிவாகியும் இருந்தது. ஆகவே பெரிய நிலநடுக்கமும் கடல் எழுச்சியும் காலநிலையை மாற்றும் என்பது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நிரூபணமாகிவிட்டது.

அடுத்த மாதம் இன்னொன்று கிடைத்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் விடியல் வெப்பம் இருபத்தைந்துக்கு இறங்கிவிடுகிறது. திங்கட்கிழமை ரொட்டிக்கடைக்கு விடுமுறை. ஏழாம் அறைக்கு அது தெரியாது. பூமிக்கு ஏழு நாள் மூச்சு உண்டு, ஆறு நாள் வெளியே விட்டு ஏழாம் நாள் உள்ளே இழுக்கிறது என்று நூற்றிருபது பக்கத்தில் எழுதினார்கள். அட்டையில் ஏழாம் அறை அதிகாரியின் படம் இருந்தது.

வந்த எண்களைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் எண் அறையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கூட்டத்தில் எழுந்து, "சார், ரொம்பப் பெரிய நடுக்கம் வந்தா கடலுக்கு அடியில சரிவு விழும், அங்கே உறைஞ்சு கிடக்கிற வாயு கொஞ்சம் கிளம்பலாம், மலைச்சரிவுல காடு புதைஞ்சு போகலாம், இதெல்லாம் ஆராய வேண்டியதுதான். ஆனா ஒரே தெருவை மட்டும், அதுவும் திங்கட்கிழமை லீவு விட்டு, அது சூடாக்காது. அங்கே யாராவது போய்ப் பெட்டியைப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

போய்ப் பார்ப்பது என்ற சொல் அந்த அறையில் அதற்குமுன் உச்சரிக்கப்பட்டதில்லை. மறுநாள் அவளை நூலகத்துக்கு மாற்றி, கையில் தூசு தட்டும் துணியைக் கொடுத்தார்கள்.

இருந்தாலும் அவள் கேட்டது தலைமை இயக்குநருக்கு உறுத்தியிருக்க வேண்டும். எட்டு கார்களில் புறப்பட்டு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி, அடுப்பு முழு வேகத்தில் இருந்தது. குடை பிடிக்க ஒருவர், கைத்துண்டு நீட்ட ஒருவர், பேசியதை எழுதிக்கொள்ள ஒருவர், எழுதியதைப் பாராட்ட ஒருவர். இயக்குநர் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, களைப்பாக ரொட்டிக்கடைச் சுவரில் கையை ஊன்றினார். ஊன்றிய வேகத்தில் எடுத்தார்.

"அப்பப்பா! என்ன கொதிப்பு! பார்த்தீர்களா, பூமியின் கோபத்தை என் உள்ளங்கையிலேயே உணர்கிறேன்!" என்றார்.

எழுதுகிறவர் எழுதினார். பாராட்டுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, அது அடுப்புச் சுவர்ங்க" என்றார் பாதரசம்.

"யார் இது?"

"வாசகர், ஐயா."

"வாசிக்கட்டும்" என்றார் இயக்குநர்.

அந்த நேரத்தில் ரொட்டிக்காரர், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாதென்று ஒரு தட்டில் சூடான பன் கொண்டுவந்து நீட்டினார். இயக்குநர் இரண்டு தின்றார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு உரையாற்றினார்.

"அன்பான மக்களே! இந்த மண்ணின் வெப்பத்தில் நீங்கள் வாழவே முடியாது. இதை உங்களைவிட நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் நான் இங்கே வாழவில்லை. விருப்பு வெறுப்பு இல்லாமல் பார்க்கும் தூரம் எனக்கு இருக்கிறது. உங்களுக்குக் குளிரலாம். அது உங்கள் தனிப்பட்ட கருத்து. கருவிக்குக் கருத்து கிடையாது. கருவி சுடுகிறது என்றால் நீங்கள் சுடப்படுகிறீர்கள்!"

அக்கா முன்வரிசையில் நின்றாள். காலையிலிருந்து கடல்காற்று வீசி, அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"பன்னு சூடா இருக்கேங்கய்யா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"மிக நல்ல கேள்வி. இந்தப் பகுதியில் பண்டங்கள் ஆறுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார் இயக்குநர், எழுதுகிறவரிடம்.

கார்கள் போன பிறகு ரொட்டிக்காரர் காலித்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பெட்டியை நகர்த்துறது தப்புன்னா, அடுப்பை வேணா அணைச்சுடட்டுமாய்யா?" என்றார் பாதரசத்திடம். நூற்றைம்பது குடும்பம் அந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தது. வேண்டாம், நானே நேரில் போய்ச் சொல்கிறேன் என்றார் பாதரசம்.

போனார். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக வாசிப்புத் தவறியது. மனுவைப் பார்த்த விசாரணைக் குழு ஐந்து பேர். எழுந்து நின்று பதினொரு நோக்கங்களையும் வாசித்தார்கள். பாதரசமும் எழுந்து நின்றார். அவருக்கு நோக்கம் ஒன்றுதான், அக்கா வீட்டுக் கூரை.

"நீர் வாசகர். உமக்குக் கருத்து இருப்பதாக மனுவில் சொல்கிறீர். எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"கருத்து இல்லைங்கய்யா. பெட்டி ரொட்டி அடுப்புக்குப் பக்கத்துல நிக்குது. அவ்வளவுதான்."

"நிலநடுக்கத்துக்கும் ரொட்டி அடுப்புக்கும் என்ன தொடர்பு?"

"ஒரு தொடர்பும் இல்லைங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"தொடர்பில்லாததைச் சொல்ல ஒரு பகல் பஸ்ஸில் வந்தீரா?"

"ஐயா, பெட்டியை அறுபது தப்படி தள்ளி, பழைய இடத்துல வச்சா சூடு இறங்கிடும்."

"கேளுங்கள்!" என்று தலைவர் மற்ற நால்வரையும் பார்த்தார். "காலநிலையை அறுபது தப்படி நகர்த்தினால் சரியாகிவிடுமாம். உலகத்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதை இவர் தோளில் தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடுவார். பெட்டியை நகர்த்துவது நிலைநிறுத்துநர் வேலை. அவரிடம் மனுக் கொடும்."

"அந்தப் பதவி பதினோரு வருஷமா காலிங்க."

"அப்படியானால் அவர் மறுத்துவிட்டார் என்று கொள்ளலாம்."

செவிடன் காதில் சங்கு ஊதிவிட்டுப் பாதரசம் ஊர் திரும்பியபோது, தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. துறைமுகத் தெரு, காலநிலை பிறழ்ந்த பகுதி. கூரை போடத் தடை. குடியிருப்போர் அனைவரும் முப்பது நாளில் உள்நாட்டுப் புதுக் குடியிருப்புக்குப் போக வேண்டும். அந்த இடம் கடலிலிருந்து அறுபது மைல். மாமா படகுக்காரர். அறுபது மைலுக்கு அப்பால் படகுக்காரருக்கு என்ன வேலை என்று நோட்டீஸில் இல்லை.

அக்கா நோட்டீஸை இரண்டு தரம் படித்தாள். தம்பியைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போனது. சின்ன வயதில் ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்ததற்குத் தெருமுனைவரை துரத்தி அடித்தவள் அவள்.

"அந்தப் பெட்டி என்ன கனம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு ஆள் தூக்கலாம். ரெண்டு ஆள்னா நல்லது."

"நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன். வா."

பட்டப்பகலில், தெருவே பார்க்க, இருவரும் பெட்டியை மீன் வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். கைப்பிடியைத் தவிர வேறெங்கும் கை வைக்காத பாதரசம், வண்டியில் போகும்போதும் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு நடந்தார். இருபத்திரண்டு வருட விசுவாசம் லேசில் போய்விடாது. புல்தரையில் பழைய நான்கு குழிகள் அப்படியே இருந்தன. கால்கள் அச்சாகப் போய் உட்கார்ந்தன. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார். இருபத்துநாலு. அதற்கு அடுத்த நாளும் இருபத்துநாலு. பாதரசத்துக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. ரொட்டிக்காரர் தெருவுக்கே இலவசமாக பன் கொடுத்தார்.

தாள் தலைமையகம் போய்ச் சேர்ந்ததும் ஏழாம் அறையில் மணி அடித்தார்கள். ஒரே நாளில் பதினேழு டிகிரி சரிவு! சூடாவது ஒரு ஆபத்து, குளிர்வது மறு ஆபத்து, சூடாகிக் குளிர்வது இரண்டையும் விழுங்கும் பேராபத்து. முப்பது நாள் கெடு பத்து நாளாகச் சுருங்கியது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

பாதரசம் மறுபடி பஸ் ஏறினார். அதே குழு, அதே பதினொரு நோக்கங்கள்.

"ஐயா, வேலை போனாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லிடறேன். பெட்டியை நகர்த்தினது நான்தான். எங்க அக்காவும் நானும். அதனாலதான் சூடு இறங்குச்சு. விதியை மீறிட்டேன், என்ன தண்டனையோ கொடுங்க. தெருவை விட்டுடுங்க."

குழுத் தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்து நாலாம் விதியை வாசித்தார். பிறகு மற்றவர்களோடு கூடிப் பேசினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசகர் பெட்டியைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து விதி மீறப்பட்டதாக ஒரு பதிவும் இல்லை. ஆகவே நீர் தொடவில்லை."

"தொட்டேங்கய்யா! தெருவே பாத்துச்சு!"

"தெரு காலநிலை பிறழ்ந்த பகுதி. அங்கே பார்ப்பதெல்லாம் நம்பத்தக்கதல்ல. உம்முடைய இந்தக் குழப்பத்துக்கும் அந்த வெப்பமே காரணம்." தலைவரின் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "கடமையிலேயே பாதிக்கப்பட்ட உம்மை முதுநிலை வாசகராக உயர்த்துகிறோம்."

எழுந்து நின்று கைதட்டினார்கள். முதுநிலை வாசகர், எங்கே அழுதுவிடுவோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் லாரிகள் வந்தன. அக்கா பாத்திரங்களை ஏற்றினாள், பெண்களை ஏற்றினாள், கடைசியாக மாமாவைக் கையைப் பிடித்து ஏற்றினாள். அவர் படகையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொட்டிக்காரரும் போனார். தின்ன ஆளில்லாத தெருவில் யாருக்குச் சுடுவது? பாதரசம் மட்டும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. மூன்று வேளை வாசிக்க அவரை விட்டால் ஆளில்லை.

பிறகு, வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, தெருவில் ஒரு கட்டடம் எழும்பியது. நிறுவனத்தின் கடலோர ஆய்வு மாளிகை, ஐந்து மாடி, எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும். மனிதர் வாழ முடியாத காலநிலையை அதிகாரிகள் குடும்பத்தோடு தங்கி ஆராய்வதற்காகக் கட்டியது. அத்தனை மதிப்புள்ள வெள்ளைப் பெட்டி வெயிலிலும் மழையிலும் கிடக்கலாமா என்று தலைமை இயக்குநர் கவலைப்பட்டார். பதினோரு வருடக் காலிப் பதவிக்கு ஒரே நாளில் ஆள் போட்டார்கள். நிலைநிறுத்துநர் வந்து, பெட்டியைத் தூக்கி, கீழ்த்தள ஏசி கூடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் நிலைநிறுத்தினார்.

அன்றிலிருந்து காலை இருபது, பகல் இருபது, மாலை இருபது. திங்கட்கிழமையும் இருபது. மறுவருட மழைக்காலத்து முதல் நாளில் விழா எடுத்தார்கள். தறிகெட்டு ஓடிய காலநிலையை நிறுவனம் இருபது டிகிரியில் பிடித்துக் கட்டிவிட்டது என்று தலைமை இயக்குநர் பேசினார். "இயற்கை நடுங்கலாம். நாம் நடுங்கவில்லை" என்றபோது, கூடத்தின் குளிரில் அவருக்கே பல் கிட்டியது. யாரோ ஓடிவந்து சால்வை போர்த்தினார்கள்.

எல்லோரும் மேல்மாடிக்கு விருந்துக்குப் போன பிறகு, பாதரசம் மாலை ஆறு மணி வாசிப்புக்காகக் கூண்டுக்கு முன்னால் நின்றார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். போன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா? இங்கே மழை கொட்டுது. தகரக் கூரை, ஒரே சத்தம், நீ பேசுறது காதுல விழலை. உரக்கப் பேசு. மாமா சும்மாவே உக்காந்திருக்காரு. எங்கே நிக்கிறே நீ?"

பாதரசம் பளபளக்கும் தரையைப் பார்த்தார். தெருவில் மூன்றாவது வீடு. தெருமுனையிலிருந்து தப்படி எண்ணிப் பார்த்து வைத்திருந்தார். பெட்டியின் நான்கு கால்களும் நின்ற இடத்தில்தான் அக்கா இருபது வருடம் உட்கார்ந்து சமைத்தாள்.

"உன் அடுப்படியிலதான்க்கா நிக்கிறேன்" என்றார். "ரொம்பக் குளிருது."